காங்கோ அரக்கனின் இனிஷியல்

திருவொற்றியூரில் மல்யுத்த ஷோ நடத்த வந்த ஆறுமுகநயினாரின் விசிட்டிங் கார்டில் ‘உலகத் தர வடிவமைப்பாளர்’ என்று இருக்கும். உலகத் தரம் என்றால், வெள்ளையாக இருப்பவன் ஜெயிப்பான். கறுப்பாக இருப்பவன் உறுமிக்கொண்டே தோற்பான். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான்.

உறுமுவதற்கு முதலில் எமேக்கா என்ற நைஜீரிய எம்.பி.ஏ. மாணவரைப் பிடித்தார். வேஷத்துக்காகக் கையில் எலும்பைக் கொடுத்ததும் அவர், “எங்க அம்மா இதை சூப்புலதான் போடுவாங்க” என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து மாட்டியவன் வியாசர்பாடி வல்லரசு. மணலியில் டேங்கர் லாரி மெக்கானிக். ஆறு வருஷமாக மல்யுத்தப் பயிற்சி.

“சார், என் பேர்லயே எறங்கறேன் சார். தோக்கறது பரவால்ல.”

“உன் பேருக்கு எவன்யா டிக்கெட் வாங்குவான்? நீ காங்கோ அரக்கன்.”

புல் பாவாடை வந்தது. கூடவே அதே எலும்பும், ஷூ பாலிஷ் டப்பாவும்.

“இதுக்கு மேல கறுக்கறதுக்கு இன்னா சார் கீது?” என்றான் வல்லரசு. பூசிவிட்டார்கள்.

ஆறுமுகநயினார் இன்னொரு புதுமையும் செய்திருந்தார். ஒருவனை மல்லாத்தி அழுத்தினால் கூட்டமே மூன்றுவரை எண்ணும். ரெஃப்ரி சைமன் அந்தக் குரலுக்குத்தான் தரையைத் தட்ட வேண்டும். பெயர், ‘ரசிகர் பங்கேற்பு’.

ஞாயிறு மாலை, ஜெயிக்க வேண்டிய ‘வெள்ளைச் சிங்கம்’ அடையாறிலிருந்து ரோஸ் பவுடரோடு வந்தது. அரக்கன் வந்ததும் கூட்டம் ஊளையிடும் என்று ஆறுமுகநயினார் காத்திருந்தார். எல்லாவற்றையும் வடிவமைத்தவர் கூட்டத்தின் நிறத்தைப் பார்க்க மறந்துவிட்டார். துறைமுகத்திலும் கடலிலும் வெயில் தின்ற ஜனம் அது. பாலிஷ் தேவைப்படாத ஜனம்.

முன்வரிசையில் வல்லரசுவின் அக்கா மலர்க்கொடி எழுந்தாள். “டேய் தம்பி! இன்னாத்துக்குடா பாவாட கட்டிகினு கீற? அவுத்துப் போட்றா அத்த!”

உள்ளே நீல டிராயர். பாவாடையும் எலும்பும் வெளியே பறந்தன. விசில் அடங்க நேரமாயிற்று. ஆனாலும் கொடுத்த வாக்கு. பேசினபடி பத்தாவது நிமிஷம் வல்லரசு விழுந்தான். சிங்கம் மேலே படுத்தது.

“ஒண்ணு!” என்றது கூட்டம். “ரெண்டு!”

அப்புறம் சத்தமே இல்லை. சைமனின் கை அந்தரத்தில் நின்றது.

“தட்டுய்யா!” என்றார் ஆறுமுகநயினார்.

“ஜனம் சொன்னாதான் தட்டணும்னு நீதானே நைனா சொன்ன?”

மறுபடி ஒண்ணு, ரெண்டு. ஊருக்கே மூன்று மறந்துபோயிருந்தது. நாலாவது தடவையில் சிங்கத்துக்கு மூச்சிரைத்தது; பாலிஷ் முழுக்க அதன் மார்பில் ஏறியிருந்தது.

“ப்ரோ, நீயே ஜெயிச்சுடு ப்ரோ. என்னால முடியல.”

வல்லரசு அதைத் தூக்கிப் போட்டு அழுத்தினான். “மூணு!” காசிமேடுவரை கேட்டிருக்கும்.

ஆறுமுகநயினார் மைக்கை எடுத்தார். “வெற்றி பெற்றவர், காங்கோ...”

“பேரச் சொல்லுய்யா!” என்றாள் மலர்க்கொடி. பின்வரிசை நாற்காலிமேல் ஏறி நின்று, “பேரு! பேரு!” என்று தமிழிலேயே கத்தினார், டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்திருந்த எமேக்கா.

“வல்லரசு” என்றார், மாத்திரை விழுங்குவதுபோல.

வல்லரசு மைக்கை அவர் வாயருகே நகர்த்திப் பிடித்தான். “இனிஷியல் கீது சார். தே. வல்லரசு. எங்கப்பா தேசிங்கு.”

ஆறுமுகநயினார் மறுபடி சொன்னார். இந்தத் தடவை முழுசாக.