மூன்று கம்ப்யூட்டருக்கு ஒரு முகவரி

சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் கதிரவனுக்குச் சட்டையில் தூசி படாமல் நடப்பதே பாதி வேலை. மீதிப் பாதியில் பட்டாசுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் போட்டான். சிவகாசி ஆபீசில் ஒன்று, சாத்தூர் குடோனில் ஒன்று, அச்சங்குளம் ஆலையில் ஒன்று. ஆர்டர் விவரம் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கும், ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் வேலையை ஓட்டும் என்று அவன் விளக்கிய தோரணையைப் பார்த்தால், கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவனே அவன்தான் போலிருக்கும். முதலாளி முனியராஜ் தலையை ஆட்டினார். பக்கத்துக் கம்பெனியில் இது இல்லை என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆர்டர் பதிய ஒரு சின்ன புரோகிராமும் செய்து தந்தான். திரையில் நாலு கட்டம், ஒரு பொத்தான். அதன் முன்னால் உட்கார்ந்தவள் பொன்னுத்தங்கம். எட்டாவதோடு நின்றவள். அச்சங்குளத்தில் அம்மா மாடத்தியோடு வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்து, டைப்பிங் கற்று இந்த நாற்காலிக்கு வந்திருந்தாள்.

தீபாவளிக்கு இருபது நாள் இருக்கையில் புரோகிராம் மத்தியானத்தில் நிற்கத் தொடங்கியது. நாலு முறை நின்றது. கதிரவன் நாலு முறையும் வந்து, கீபோர்டை இவள் முரட்டுத்தனமாக அடிப்பதுதான் காரணம் என்றான். இன்னொரு தரம் நின்றால் மறுபடி மருந்து அறைக்குத்தான் என்று மேனேஜர் சீனிச்சாமி சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மூளை வைத்திருந்தார்கள். அன்றைக்கு யார் முறையோ.

நின்ற நாலு நாளும் மாடத்தி வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருந்தாள். அச்சங்குளத்தில் இடி. இடிச் சத்தம் கேட்டால் போர்மேன் மெயின் சுவிட்சை இறக்கி, போன் வயரையும் பிடுங்கிவிட்டு, ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார். பட்டாசு ஆலையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்தது அது. சிவகாசியில் வெயில் காய்ந்ததால் ஆபீசில் யாருக்கும் உறைக்கவில்லை.

ஐந்தாம் முறை நின்றபோது கதிரவன் புரோகிராமின் செட்டிங்கைத் திறந்தான். பொன்னுத்தங்கம் பின்னாலிருந்து வாசித்தாள். அவள் வாய் திறந்து பேசி அந்த ஆபீசில் யாரும் அதிகம் கேட்டதில்லை.

"சார், மூணு மிசின் வச்சிருக்கீக. புரோகிராமுக்கு அச்சங்குளத்து அட்ரஸ் மட்டுந்தான் குடுத்திருக்கீக. அங்கன இடி இடிச்சா மெயினை இறக்கிருவாக. மத்த ரெண்டும் முழிச்சிருந்தும் இதுக்கு வழி தெரியாதுல்லா?"

"எத்தனாவது படிச்சிருக்க நீ?" என்றான் கதிரவன்.

"எட்டு. நீங்க?"

சீனிச்சாமி இருமினார். அச்சங்குளத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. கதிரவன் காது சிவக்க, மற்ற இரண்டு முகவரிகளையும் சேர்த்துப் புரோகிராமைத் திரும்ப ஓட்டினான். அச்சங்குளம் இன்னும் இருட்டில் கிடக்க, ஆர்டர் பதிவானது.

முனியராஜ் வந்ததும், சிஸ்டத்தை இன்னும் பலப்படுத்திவிட்டதாகச் சொன்னான் கதிரவன். சீனிச்சாமி அதற்கும் தலையாட்டினார். முதலாளி அவன் முதுகில் தட்டி, தம்பிக்கு ஒரு டீ வாங்கிவரும்படி பொன்னுத்தங்கத்திடம் சொன்னார்.

அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நாப்பது ஆர்டர் கெடக்கு மொதலாளி. கடை எதுத்தாப்புலதான் இருக்கு. சாருக்கு அட்ரஸ் வேணும்னா எழுதித் தாரேன்."