பதில் வராததால் மூடப்பட்டது

அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது அவர் முதலில் மவுஸைத்தான் திட்டினார். புது மவுஸ் வாங்கினார். அதன் அடியில் போடும் பேடை மாற்றினார். மேஜை ஆடுகிறதோ என்று காலுக்கு அட்டை மடித்து வைத்தார். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாயிற்று, கையை மட்டும் மாற்ற முடியவில்லை. அதைத் தங்கையிடம் சொல்லும்போதுகூட, கடையில் வேறு யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும். கைநடுங்கிகிட்ட யாரு டைப் அடிக்கக் குடுப்பாங்க?"

அது டைப் அடித்துப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கடை. முன்னால் கவுன்டர், நடுவில் அண்ணனின் கம்ப்யூட்டர், பின்னால் ஜெராக்ஸ் மெஷின். மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்துதான் தங்கையின் இடம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கப் பயந்தே ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். வயது முப்பதைத் தாண்டியும் அந்தப் பயம் தாண்டவில்லை. யார் வந்தாலும் அந்தச் சந்துக்குள் போய் நின்றுகொள்வாள். "இவளால, மெஷினே பேப்பரை எண்ணி நீட்டுதுன்னு ஜனங்க நெனச்சுக்கிறாங்க" என்று அண்ணி சிரிப்பாள். அண்ணன் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான்.

ஆனால் கம்ப்யூட்டரின் குணம் அவளுக்குத்தான் தெரியும். கடையில் ஓடியது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு தமிழ்ப் பதிப்பு. தமிழ் ஆர்வலர்கள் சிலர் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, சோற்றுக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் உருவாக்கியது. மெனு முதல் எச்சரிக்கை வரை எல்லாம் தமிழில் இருக்கும். கிழட்டுக் கம்ப்யூட்டரிலும் முணுமுணுக்காமல் ஓடும். அண்ணனின் தொல்லை என்னவென்று அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு ஃபைலைத் திறக்க அவர் இருமுறை தட்டும்போது, நடுங்கும் கை அதை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஃபோல்டரில் போட்டுவிடும். சத்தமில்லாமல் நடந்துவிடும். ஃபைல் போன இடம் தெரியாமல் அவர் அரை மணி நேரம் தேடுவார்.

அந்த லினக்ஸின் இணையதளத்தில் பயனர் பரிந்துரைகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஒருவர் பூனைப் படம் வைத்த திரை கேட்டிருப்பார். இன்னொருவர் எழுத்துரு கண்ணைக் குத்துகிறது என்று சண்டை பிடித்திருப்பார். தங்கை 'கடைசி பெஞ்ச்' என்ற பெயரில் அங்கே எழுதினாள். ஐகான் தொட்டவுடன் நகரக் கூடாது, சற்று அழுத்திப் பிடித்தால்தான் நகர வேண்டும், வேறு ஃபோல்டரில் விழப்போனால் ஒருமுறை கேட்க வேண்டும். எழுதி அனுப்பிவிட்டு, திருடியவள் மாதிரி திரையில் அந்தப் பக்கத்தை மூடினாள்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. எழுதியவர் படத்தில் கரடி முகம் வைத்திருந்த ஒரு நிரலர். நல்ல யோசனை என்று பாராட்டி, சோதனைக்காக ஒரு சின்ன நிரல் துண்டையும் இணைத்திருந்தார். போட்டுப் பார்த்துவிட்டு வேலை செய்கிறதா, யாருக்காகத் தேவைப்படுகிறது என்று ஒரு வரி எழுதச் சொன்னார். குழுவைச் சம்மதிக்க வைக்க அது போதுமாம்.

அவள் அதைப் போட்டாள். அன்று அண்ணன் ஒரு ஃபைலைக்கூடத் தொலைக்கவில்லை. "இன்னிக்கு மெஷின் நம்ம பேச்சைக் கேக்குது" என்று சொல்லிச் சீட்டியடித்தார். "வீட்ல யாரும் கேக்கலைன்னு அதுவாவது கேக்குதே" என்றாள் அண்ணி.

தங்கை எழுத வேண்டியது அந்த ஒரு வரிதான். அதற்குள் அந்தப் பக்கத்தில் வேறு ஆட்கள் புகுந்துவிட்டார்கள். இது வேகத்தைக் குறைக்கிறது என்றார் ஒருவர். மவுஸ் பிடிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் எதற்கு என்று எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றையும் ஒட்டியிருந்தார் மற்றொருவர். அந்தச் சிரிக்கும் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வகுப்பறையே திரும்ப வந்ததுபோல் இருந்தது. 'என் அண்ணனுக்கு' என்று தொடங்குவாள், அழிப்பாள். எழுத்துப் பிழை வந்துவிட்டால் என்ன ஆகும்? அதோடு, அண்ணன்தான் நமக்குள்ளயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறாரே. அந்தச் சாக்கு அவளுக்குத் தோதாக அமைந்தது.

கரடி மறுபடி வந்தார். "கடைசி பெஞ்ச், இருக்கீங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், மத்தவங்களை நான் பாத்துக்கிறேன்."

நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த நாளை வரவேயில்லை. கடைசியில் அவள் பரிந்துரைக்குக் கீழே இணையதளம் தானாகவே போட்ட ஓர் அறிவிப்புதான் வந்தது. பதில் வராததால் மூடப்பட்டது. அதைப் படித்தபோது அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. பிறகு நினைத்து நினைத்து நொந்ததும் அந்த நிம்மதியை எண்ணித்தான்.

கோடை முடிந்து லினக்ஸின் புதிய வெளியீடு வந்தது. புதிதாக வாங்கிய பிரிண்டர் பழைய வெளியீட்டோடு ஒத்துப்போகவில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றியதும் கரடி கொடுத்த துண்டு போய்விட்டது. இது அவளுக்குத் தெரியும். பின்னாலிருந்து ஒரு கண் வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்று நம்பினாள்.

வக்கீல் குமாஸ்தாதான் கடைக்கு முக்கியமான வாடிக்கை. அவர் கொடுத்த ஒரு வழக்கின் தாள்களுக்குள், ஃபோல்டர் மாறி விழுந்த வேறொருவரின் வாக்குமூலம் புகுந்து, பிரிண்ட் ஆகி, தைக்கப்பட்டு, கோர்ட்டு வரை போய்விட்டது. மறுநாள் குமாஸ்தா வந்து அந்தத் தாள்களைக் கவுன்டரில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீதிபதி முன்னாடி வக்கீல் திருதிருன்னு முழிச்சிருக்காரு. இனிமே இங்க குடுக்காதேன்னுட்டாரு. என் கையில ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். மடிக்கவே நேரம் பிடித்தது. பிறகு நாற்காலியைத் தங்கை பக்கம் தள்ளிவிட்டு, "இனிமே நீ உக்காரு" என்றார்.

குமாஸ்தா தெருவில் இறங்கிவிட்டிருந்தார். தங்கை மெஷின் சந்திலிருந்து வெளியே வந்து, செருப்புகூட மாட்டாமல் அவர் பின்னால் ஓடினாள். மூச்சு வாங்க, அண்ணனுக்குக் கை சரியில்லை, யாரிடமும் சொல்ல வேண்டாம், இன்னொரு முறை மட்டும் பாருங்கள் என்று கெஞ்சினாள். அவள் குரலை அவர் கேட்டதே அன்றுதான்.

"ரசீதுல கையெழுத்துப் போடுறப்பவே தெரியும்மா" என்றார் அவர். "இந்தத் தெருவுக்கே தெரியும். அதுக்காக யாரு வராம இருந்தாங்க சொல்லு? ஃபைல் மாறிப்போச்சு பாரு, அதைத்தான் தாங்க முடியல."

அவர் போன பிறகும் அவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். ஊரே அறிந்த ஒன்றைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, இத்தனை நாள் அவள் தன்னைத்தான் ஒளித்து வைத்திருந்தாள்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள். நடுக்கம், ஃபைல், கோர்ட்டு, எதையும் விடவில்லை. பிழைகளைத் திருத்தக்கூட இல்லை. கரடியின் பதிலும் சீக்கிரமே வந்தது. அன்றே இதைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது சேர்த்திருப்பேன் என்று எழுதியிருந்தார். இப்போது அடித்தளமே மாறிவிட்டது, பழைய துண்டு ஒட்டாது, முதலிலிருந்து எழுதி அடுத்த வெளியீட்டில் கொண்டுவரப் பார்க்கிறேன் என்றார். கீழே, அண்ணனிடம் தான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்படி ஒரு வரி. அந்த வரியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

காலையில் வீட்டில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடுத்தது எப்ப வருமாம்?"

"ஒரு வருஷம் ஆகலாம்ணா."

அவர் தன் வலக்கையை, யார் வீட்டுப் பிள்ளையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "அதுவரைக்கும் இது பொறுத்துக்கும்னா தோணுது?" என்று சிரித்தார். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. அவர் வாசல்வரை வந்து சாவிக்கொத்தை நீட்டினார். அது அவர் விரல்களில் சலசலத்தது. சத்தம் நிற்கட்டும் என்று தங்கை காத்திருந்தாள். நிற்கவில்லை. அவளே கையை நீட்டி எடுத்துக்கொண்டாள்.