குழிக்குள் யாரும் இல்லை

ஜூலைக் குளிர். விளக்கறையின் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. சிலேஷே சார்ஜர் சட்டத்திலிருந்து விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னல் பலகைக்குத் தூக்கினாள். தலையில் மாட்டும் விளக்கு சின்னதுதான். அதோடு வயர் போட்டு இணைத்த பேட்டரிப் பெட்டிதான் செங்கல் போலக் கனக்கும். காலை ஷிப்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு செங்கல். ஒவ்வொன்றையும் துடைத்து, கசிவு பார்த்து, எரியவிட்டு, அணைத்து, நீட்ட வேண்டும். அமிலம் தெறித்துத் தெறித்து அவள் இடுப்பில் சுற்றிய சித்தெங்கே துணியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துவிட்டது. சிம் கார்டு வாங்கப் போன இடத்தில் கைரேகை விழவில்லை என்று போன மாதம் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ரப்பர் பூட்ஸ்களின் சத்தம். முன்னால் நீல உடுப்பு, நிரந்தரத் தொழிலாளர்கள். பின்னால் மஞ்சள் உடுப்பு, மே மாதம் எடுத்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் பதினெட்டுப் பேர். செம்புச் சுரங்கத்தில் உடுப்பின் நிறத்தைப் பார்த்தே யாருக்கு எந்த விளக்கு என்று சொல்லிவிடலாம். பழைய பேட்டரி எல்லாம் மஞ்சளுக்கு.

"பனா மும்பா, இன்னிக்காவது நல்ல வெளக்காக் குடு" என்றான் மஞ்சள் வரிசையில் நின்ற கபாசோ. மும்பா அவளுடைய மூத்த மகள். அவளைப் பெற்றவள் பனா மும்பா. "போன வாரம் குடுத்தது என் மாமியார் மாதிரி. நடு வேலையில மொகத்தத் திருப்பிக்கிச்சு."

"உன் பாட்டக் கேட்டிருக்கும், அதான்" என்றாள் அவள்.

வரிசை சிரித்தது. கபாசோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறவன். குழிக்குள்ளும் பாடுவான்.

நீல வரிசையில் நின்ற, பாறை துளைக்கும் கசொண்டே மட்டும் சிரிக்கவில்லை. தொழிற்சங்கக்காரர். ஒப்பந்தக்காரர்களை அவருக்குப் பிடிக்காது. அவர்கள் வந்த பிறகுதான் அவருடைய மைத்துனனுக்கு வேலை போயிற்று.

விளக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சில்லு உண்டு. ஜன்னலுக்கு எதிரே தெரியும் குழிவாசலில் அதைக் காட்டிவிட்டு ஆள் உள்ளே போனால் விளக்கறைக் கம்ப்யூட்டரில் ஒன்று கூடும். வெளியே வந்தால் ஒன்று குறையும். ஷிப்டு முடிந்து அந்த எண் பூஜ்யமானால்தான் வெடி. அதை வாயால் சொல்லி உறுதிப்படுத்துவது சிலேஷேயின் வேலை.

இரண்டு மாதமாகத் தினமும் காலையில் திரையில் ஒரு மஞ்சள் கட்டம் வந்துகொண்டிருந்தது. இந்தக் கம்ப்யூட்டரின் இயங்குதளம் பழையது, ஜூலை முதல் இந்த மென்பொருள் இதில் ஓடாது என்று. மேனேஜர் சிமுகோண்டாவிடம் இரண்டு முறை காட்டினாள். "சரின்னு அழுத்திட்டு வேலையப் பாரு" என்றார். வெள்ளிக்கிழமை அது சொன்னபடியே செய்தது. திரை திறக்கவில்லை. அன்றைக்குக் கையால் எழுதி ஓட்டினாள். சனிக்கிழமை கிட்வே நகரத்திலிருந்து கம்ப்யூட்டர்காரர் பேட்சன் வந்தார்.

"புதுசு இதுல ஏறாது, பனா மும்பா. கம்ப்யூட்டரையே மாத்தணும். மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்ப இப்ப என்ன பண்றீங்க?"

"தேதியப் பின்னால தள்ளுறேன். இதுக்கு இன்னும் மார்ச் மாசம்தான். நாள் கெடக்குன்னு நெனச்சுக்கிட்டு பழைய மென்பொருளே ஓடும்."

"பொய் சொல்லி ஓட வைக்கிறீங்க."

பேட்சன் பையை மூடிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். உள்ளே வெகுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவளைப் பார்க்காமலே வண்டியில் ஏறிவிட்டார்.

இந்தத் திங்கட்கிழமைதான் தள்ளிவைத்த தேதியோடு முதல் ஷிப்டு. கடைசி ஆளும் இறங்கிய பிறகு திரையைப் பார்த்தாள். தொண்ணூற்று நாலு. விளக்கு நிறையக் கொடுத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை சம்பளம். திங்கட்கிழமை ஆள் குறைவது வழக்கம். இடம் காலியான சட்டங்களை எண்ணலாம் என்றால், ரிப்பேருக்குப் போன விளக்குகளின் இடமும் காலிதான். விட்டுவிட்டாள். திரை பிழைத்ததே பெரிது என்றிருந்தது.

மதியம் இரண்டேகாலுக்கு வெடியறையிலிருந்து வெடிக்காரர் ஜேரே போனில் கூப்பிட்டார். ஜேரே இங்கோனி இனத்தவர், அவள் பெம்பா. இரு இனத்துக்கும் கேலி பாட்டன் காலத்து உறவு.

"என்ன குரங்குதின்னி, தூங்கிட்டியா?"

"எலி சுட்டுத் தின்ன வாயால என்கிட்டப் பேசாதீங்க, பா ஜேரே." கேலியிலும் மரியாதைக்கு அந்த ‘பா’ விடுபடாது.

"எண்ணச் சொல்லு."

திரையில் பூஜ்யம். "பூஜ்யம். குழிக்குள்ள யாரும் இல்ல."

போனை வைத்துவிட்டு, திரும்பி வந்த விளக்குகளைச் சட்டத்தில் மாட்டக் குனிந்தாள். கடைசிச் சட்டம், மஞ்சள் உடுப்புக்காரர்களுடையது. ஆறு இடம் காலி. அந்த வரிசையில் ரிப்பேர் எதுவும் இல்லை. அவளுக்கு அது தெரியும். கபாசோவின் விளக்கு அங்கே இல்லை.

போனை எடுத்தாள். ஜேரே அந்நேரம் ஒவ்வொரு வாசலுக்கும் எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருப்பார், லைன் கிடைக்கவில்லை. முதல் சங்கு ஊதியது. ஓடினாள். வெடியறை மேட்டின்மேல் இருந்தது, இருநூறு கஜம். பாதி மேட்டில் இரண்டாம் சங்கு. ஜன்னலில் ஜேரேயின் முகம் தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். ஜேரேயும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

மூன்றாம் சங்கு நின்றது. பாதத்துக்கு அடியில் தரை ஒருமுறை ஏறி இறங்கியது.

ஆறு பேரும் கடைக்கோடிச் சுரங்கப்பாதையில் தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி முடித்துவிட்டு வரச் சொல்லியிருந்தான். ஐந்து பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமியபடி தாங்களே நடந்து வந்தார்கள். கபாசோ அவர்களுக்கு முன்னால், வெடிக்கு அருகே நின்றிருந்தான். அவனைக் கொண்டுவர ஒன்றரை மணி நேரமாயிற்று. இடது கால் நசுங்கியிருந்தது. இரண்டு காதிலிருந்தும் கோடு போல ரத்தம்.

மாலையில் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஜேரே ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"படி. கையெழுத்துப் போடு" என்றார் சிமுகோண்டா.

காலையில் கபாசோ விளக்கைக் கொண்டுபோகும்போது சில்லை வாசலில் காட்டவில்லை, விதியை மீறினான் என்று எழுதியிருந்தது. மற்ற ஐந்து பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அவன் காட்டினான் சார். நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்."

"அப்ப உன் கணக்குத் தப்பு. பூஜ்யம்னு சொன்னது உன் வாய்."

"ஆமா. என் வாய்தான்."

"பாரு. எனக்கு யாரையும் வேலையவிட்டு அனுப்ப ஆசை இல்ல. இவன் விதிய மீறினான்னா உனக்குப் பிரச்னை இல்ல. ஜேரேக்கும் இல்ல. பூஜ்யம்னு சொன்னாங்க, அழுத்தினாரு. என்ன ஜேரே?"

ஜேரே தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?" என்றாள் சிலேஷே. "குழில காத்துல என்ன விஷம் இருக்குன்னு காட்டுறதும் அதே கம்ப்யூட்டர்தான. அதுவும் மார்ச் மாசத்துக் காத்தா?"

"காலைல ஏழு மணிக்குள்ள கையெழுத்து வரணும்" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் கபாசோவின் தலையைச் சுற்றிக் கட்டு. அவன் மனைவி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சிலேஷேயைப் பார்த்ததும் கபாசோ பேசினான். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். தன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"நீ பேசாத பனா மும்பா, எனக்கு ஒண்ணும் விழல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாங்க யாரும் உள்ள இல்லன்னு மெஷின் சொல்லிச்சாமே. பாறை எங்கள மூடியிருந்தா யாரும் தேடியே வந்திருக்க மாட்டீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் மனைவி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் நூற்றுப் பதினோரு விளக்கையும் துடைத்து எரியவிட்டுப் பார்த்தாள். ஆனால் ஒன்றைக்கூட ஜன்னல் பலகையில் வைக்கவில்லை. வரிசை நின்றதும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"நேத்து பூஜ்யம்னு சொன்னது நான்தான்" என்றாள். "திரையப் பாத்துச் சொன்னேன். சட்டத்தப் பாத்திருக்கணும். பாக்கல. ராத்திரி திரும்பி வந்த வெளக்க எண்ணிப் பாத்தேன். காலைல திரையில தொண்ணூத்தி நாலு. நான் குடுத்தது நூத்திப் பன்னெண்டு. கொறஞ்சது பதினெட்டு. மஞ்ச உடுப்பு பதினெட்டுப் பேரு. ஆறு பேர் இல்ல, பதினெட்டுப் பேருமே அதுல ஏறல."

மஞ்சள் வரிசையில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப நாங்க பாட்டுக்கு எறங்கி ஏறினோமே, அதுக்கு எங்களத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

மேனேஜரின் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பின் இருக்கையில் பேட்சன்.

"ஏன் யாரும் எறங்கல?" என்றார் மேனேஜர்.

கசொண்டே வரிசையைவிட்டு நகர்ந்து வண்டிக்கு அருகே போனார். மேனேஜரைத் தாண்டிப் பேட்சனைக் கேட்டார். "தம்பி, பதினெட்டுப் பேர் ஏன் ஏறல? நீ சொல்லு."

"அவனுக்கு ஒண்ணும்..." என்று தொடங்கினார் சிமுகோண்டா.

பேட்சன் வண்டியைவிட்டு இறங்கினார். "மே மாசம் பதிஞ்ச சில்லு மார்ச் மாசத்துல செல்லாது. கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் இவங்க இன்னும் வேலைக்கே வரல. சனிக்கிழமையே சொன்னேன் சார். இவங்க எல்லாருக்கும் மறுபடி பதியணும், அது வரைக்கும் எறக்க வேணாம்னு."

தூரத்தில் கசடு மேட்டின்மேல் ஒரு லாரி பின்னுக்குப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, இன்னிக்குப் பதிஞ்சிடலாம்" என்றார் மேனேஜர். "மஞ்ச உடுப்பு வெளிய இருக்கட்டும். நீலம் எறங்கட்டும். உங்கள எல்லாம் மெஷின் சரியாத்தான் எண்ணுது. உங்களுக்கு என்ன கொறை?"

கசொண்டே மஞ்சள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் அவர்களை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று சிலேஷேக்குத் தோன்றியது.

"என் தலைக்கு மேல நிக்கிற பாறைக்கு மரம் முட்டுக் குடுக்கிறவன் அவன் சார். அவனையே தெரியாத மெஷின நம்பி நான் எப்படி எறங்குறது? இன்னிக்கு அவனத் தெரியல. நாளைக்கு என்னத் தெரியாது."

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

சிலேஷே சொன்னாள். "ஒரு பலகை. நூத்திப் பன்னெண்டு ஆணி. ஆளுக்கு ஒரு பித்தளை வில்லை. எறங்குறப்ப மாட்டணும், ஏறுறப்ப எடுக்கணும். புதுக் கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும். ஒரு வில்லை தொங்கினாலும் வெடி கெடையாது."

"முதலீட்டுக்காரங்க வந்து பாத்தா ஆணியும் தகரமுமா இருக்கும். சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சார். அவங்க எறங்கப் போறதில்லையே."

வரிசையில் யாரோ கனைத்தார்கள். சிமுகோண்டா அவள் பக்கம் கையை நீட்டினார்.

"கையெழுத்து எங்க?"

"போட மாட்டேன்."

"அப்ப உன் வேலை முடிஞ்சுது. மத்தவங்களுக்கு ஒம்பது மணி வரைக்கும் நேரம். அதுக்கப்புறம் வெளிய நிக்கிற ஒவ்வொருத்தனும் வேலைய விட்டவன். ஒப்பந்தக்காரங்க இப்பவே கெளம்பலாம், ரோட்டோரம் ஐநூறு பேரு காத்துக்கிட்டு இருக்கான். போலீசுக்கும் சொல்லிட்டுத்தான் வர்றேன்." வண்டி திரும்பியது. பேட்சன் ஏறவில்லை. அவரை விட்டுவிட்டே போயிற்று.

வெயில் வரவில்லை. வாசலில் கரி அடுப்பைப் பற்றவைத்தார்கள். யாரோ மனைவி கட்டிக் கொடுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாம்பலில் புதைத்தார்கள். முதலில் நீலம் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். கசொண்டே எழுந்து போய் மஞ்சள் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். வீட்டு வாடகையைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. நினைக்காதவர்களும் இல்லை. பெரிய ரோட்டுப் பக்கம் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்று, இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு இன்னொன்று.

எட்டரைக்கு மேட்டின்மேல் வெடியறைக் கதவு திறந்தது. ஜேரே இறங்கி வந்தார். நேற்று அவள் ஓடிய அதே பாதை. அவர் கையில் வெடிப்பெட்டியின் சாவி, சிவப்புக் கயிற்றோடு. அவர் சிலேஷேயின் முன்னால் வந்து நின்றார்.

"உன்னப் பாத்துக் கைய ஆட்டினேன்" என்றார். "வெளையாடறன்னு நெனச்சேன்."

"தெரியும், பா ஜேரே."

"அந்தத் தாள்ல என் பேரு இல்ல. எனக்கு ஒண்ணும் இல்லன்னாரு." அவர் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வேற வெடிக்காரன் இந்தப் பக்கத்துல கெடையாது. ஆள் தேட அவருக்கு ஒரு வாரம் ஆகும்."

மஞ்சள் உடுப்பில் இருந்த ஒருவர், நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த ஐவரில் ஒருவர், ஜேரேயை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒதுங்கி, பக்கத்தில் ஒரு ஆள் உட்காருமளவு இடம் விட்டார். ஜேரே உட்கார்ந்ததும் சாம்பலிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவர் கையில் வைத்தார்.