அலபாய் கூட்டிய சுருதி

என் தம்பி அலபாய் வருகிறான் என்றதும் எங்கள் தீவு ஊரான நானாகுலி முழுக்க எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றது. பேத்தியின் முதல் பிறந்தநாள் விருந்து. குழியில் பன்றி வெந்துகொண்டிருந்தது. ஆனால் குழந்தையைப் பார்க்க எவன் வந்தான்? கடல் தாண்டி அக்கரையில் மேடை மேடையாக ஏறிப் பேர் வாங்கிய அலபாயைப் பார்க்கத்தான் வந்தார்கள். அவனோடு ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகைக்காரர் வேறு. மின்சார ஸ்டீல் கிட்டாரை முதன்முதலில் வாசித்தவர் யார் என்று எழுதப் போகிறாராம். விசாரிக்கவே வேண்டாம், அலபாய்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. டெலிபோன் காந்தத்தைப் பிடுங்கிக் கம்பிகளுக்கு அடியில் வைத்து, ஒயரை இழுத்து ரேடியோப் பெட்டியில் சொருகி, தெருவே அலற வாசித்தவர் என் வீட்டுக்காரர் பிலிப்போ. அப்போது அலபாய்க்கு மீசைகூட முளைக்கவில்லை. பேய் பிடித்த பெட்டி என்று சர்ச்சில் எங்கள் பக்கத்தில் உட்காரக்கூடப் பயந்தார்கள்.

மின்சாரம் வந்ததும் கம்பியின் சத்தம் சட்டென்று அடங்காமல் இழுத்துக்கொண்டு நின்றது. அதற்கென்றே, எந்தக் கம்பியை எவ்வளவு முறுக்குவது என்று பிலிப்போ சொந்தமாக ஒரு சுருதி கண்டுபிடித்தார். எங்கள் ஊர் வாசிப்புக்காரர்கள் சுருதியைப் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். அடுத்தவன் தொட்டுப் பார்த்துத் திருடிவிடுவானாம், அதனால் வாசித்த கையோடு கம்பிகளைத் தளர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் இதில் மகா கெட்டி. ஒண்ணுக்குப் போனாலும் தளர்த்திவிட்டுத்தான் போவார். அலபாய் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

போன வருஷம் மூளையில் ரத்தம் கட்டிப் பிழைத்து வந்தவர், அதற்கப்புறம் கிட்டாரைத் தொடவில்லை. நான்தான் அன்றைக்கு நச்சரித்தேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், வாசியுங்கள், யார் முதல் என்று அந்த ஆள் காதாலேயே தெரிந்துகொள்ளட்டும் என்றேன்.

பாயில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் கிடத்தினார். வழக்கம்போல எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு திருகுகளைத் திருகினார். மீட்டினால் கர்ணகடூரம். தளர்த்தினார், மறுபடி திருகினார், மறுபடி அதே. சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அவர் காது மடல் சிவந்துபோனதை நான் பார்த்தேன். உலகத்திலேயே அவர் ஒருவர் தலையில் மட்டும் இருந்த சுருதி, அந்தத் தலையிலும் இல்லை. ஐயோ, இவரை இப்படிச் சபையில் உட்கார வைத்தேனே என்று எனக்கு மானமே போயிற்று.

அலபாய் தட்டை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மண்டியிட்டான்.

"குடுங்க அத்தான்."

யோசிக்கவே இல்லை. மளமளவென்று ஒவ்வொரு கம்பியாகத் திருகிவிட்டு ஒரு தடவை மீட்டினான். பிலிப்போவின் சுருதி. அட்சரம் பிசகவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பழைய வாசிப்புக்காரர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். அவர்களில் எவனும் முட்டாள் இல்லை.

பிலிப்போ ரொம்ப மெதுவாகத்தான் கேட்டார். "உனக்கு எப்படிடா தெரியும்?"

தம்பியின் கை திருகிலேயே நின்றது. "சின்ன வயசுல வீட்டுக்கு அடியில படுத்துக் கேப்பேன் அத்தான். நீங்க தளர்த்துறதுக்கு முன்னாடி."

எங்கள் வீடு கட்டைக்கால் மேல் நிற்கிற வீடு. அடியில் நாய்தான் படுத்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பாஷை பத்திரிகைக்காரருக்குப் புரியவில்லை. பெரிய வித்துவான் ஏழைச் சொந்தக்காரருக்கு உதவுகிறார் என்று சந்தோஷமாகப் படம் எடுத்தார். இவருக்கு இந்தச் சுருதியைச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானா என்று ஆங்கிலத்தில் அலபாயைக் கேட்டார். அவன் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்வதற்குள் பிலிப்போ சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார்.

"ஆமா சார். இவன்தான் எனக்குக் கத்துக் குடுத்தான்."

விருந்துக்கு வந்தவனைத் தன் முற்றத்திலேயே தலைகுனிய விட அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் அங்கே தலை குனியாதவர் யாரும் இல்லை. தெருவையே அடக்குகிற வாய் என் வாய், அதுவும் பசை போட்டு ஒட்டினாற்போல் ஆயிற்று.

பிலிப்போ வாசித்தார். நன்றாகவே வாசித்தார். முடித்ததும் கிட்டாரைப் பாயில் வைத்துவிட்டு, கம்பிகளைத் தளர்த்தாமல் எழுந்து பன்றிக் குழிப் பக்கம் போனார். கல்யாணமான நாள் முதல் நான் அப்படிப் பார்த்ததில்லை.

பத்திரிகைக்காரர் காருக்குப் போய்விட்டார். அலபாய் அந்தப் பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்திக்கொண்டிருந்தான். மீன் தட்டோடு அவனிடம் போனேன்.

"என்னடா பண்ற?"

"அத்தான் மறந்துட்டாருக்கா. எவனாச்சும் தொட்டுப் பாத்துருவான்."

"அவரு மறக்கலடா. உனக்குன்னு விட்டுட்டுப் போயிருக்காரு. கம்பியத் தளர்த்தத் தெரியுதில்ல? அந்தாளு இன்னும் கார்லதான் இருக்கான். முதல்ல வாசிச்சது அத்தான்தான்னு போய்ச் சொல்லு."

"வெக்கமா இருக்குக்கா."

கார் ஹாரன் அடித்தது. கடைசிக் கம்பியையும் தளர்த்திவிட்டு எழுந்து போனான். ஏறிக் கதவைச் சாத்தினான். கார்க் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரிகைக்காரர் ஏதோ கேட்டார், இவன் ஆமாம் என்று தலையாட்டினான். கூப்பிடு தூரம்தான். நானே போய்ச் சொல்லியிருக்கலாம். என் தம்பி ஆயிற்றே என்று, மீன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.