தரைக்கு அடியில் காற்று

இந்தக் காலத்தில் யாரும் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை, ஈரம் காட்டும் மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில், எடிசன் ஊரில் எங்கள் வீட்டுத் தரைக்கு அடியில் ஆள் தவழும் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கே ஈரமேறிப் பூஞ்சை பிடித்ததிலிருந்து என் மனைவி மரகதத்துக்கு இழுப்பு அடங்கவில்லை. காற்றோடினால் காயும் என்று, அதன் சுவரில் மகன் பூபதி மூடிவைத்த காற்றுத் துவாரங்களைத் தினமும் திறந்துவிட்டேன்.

பூபதி அடியிலிருந்து ஊர்ந்து வந்தான். "அப்பா, வெளிய ஜூலைப் புழுக்கம். அந்தக் காத்து உள்ள போய்க் குளிர்ந்த மரத்துல தண்ணியா படியுது. மூடுனாத்தான் நான் உள்ள வச்ச மெஷின் ஈரத்த இழுக்கும்."

"காத்துப் பட்டு நனைஞ்சத எங்கடா பாத்தே?"

"ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்கலையா?"

உள்ளே மரகதம் மூச்சுக்குத் தவித்தாள். நானே எல்லாத் துவாரங்களையும் மூடினேன். அவன் மீட்டரை நீட்டினான். பார்க்காமல் நடந்தேன். காற்றுப் படாமல் எது காய்ந்திருக்கிறது?