கொத்தமங்கலத்து அவுக

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் புதுவயல் அரிசி மில்லில் நான் மேஸ்திரி. கல்யாணமாகி இரண்டாம் வருசம். ஒரு விடியக்காலை என் மனைவி அழகி தூக்கத்தில் சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. எழுப்பிக் கேட்டேன்.

"கனவுல கொத்தமங்கலத்துல பெரிய வீடு. அங்க எனக்கு ஒரு வீட்டுக்காரவுக" என்றாள் கொட்டாவியோடு.

"வீட்டுக்காரனா! அவன் பேரென்னடி?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவுக பேரை நான் எப்படிச் சொல்ல?"

கட்டினவன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் சட்டம். என் பேரையும் அவள் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். அந்த மரியாதை அவனுக்குமா? அன்றைக்கு மில்லில் நெல் அவிக்க உமியே தேவைப்படவில்லை. என் வயிற்றெரிச்சலிலேயே ஊருக்கான நெல்லும் வெந்துவிட்டது.

விடியக்காலைக் கனவு பலிக்கும் என்பார்களே! சைக்கிளை எடுத்துக்கொண்டு கொத்தமங்கலத்துக்கே போனேன். வீடுகளா அவை! முன்வாசலில் தும்மினால் பின்வாசலில் இருப்பவர் மறுநாள்தான் 'நூறு' என்று வாழ்த்துவார். ஒரு வாசலில் சின்னக்கருப்பு என்ற காவல்காரர் மறித்தார்.

"யாரைத் தேடுறீக?"

"என் பொண்டாட்டியோட புருசனை."

"அது நீங்கதானய்யா?"

"அதுலதான் இப்பச் சந்தேகம்."

சின்னக்கருப்பு தடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே குடைச்சல். அவளுக்கு அங்கேயும் வீடு, இங்கேயும் வீடு. எது கனவென்று யார் கண்டது? அவன் நெசமாகவே மெத்தையில் சாய்ந்திருக்க, நான்தான் அவள் கனவில் சைக்கிள் மிதிக்கிறேனோ? கையைக் கிள்ளினேன். வலித்தது. கனவில் மட்டும் வலிக்காதா என்ன?

மறுநாள் காலை அழகி சிடுசிடுவென்று முழித்தாள்.

"என்னடி, உங்க கொத்தமங்கலத்தார் சௌக்கியமா?"

"அங்குட்டும் சண்டைதான். 'தூங்கினா உடனே புதுவயல்ல எவன்கூடயோ குடும்பம் நடத்தப் போயிடுறியே, அவன் பேரென்ன'ன்னு அவுக ஒரே குதி."

"சொல்லிட்டியா?"

"உங்க பேரை நான் எப்படிச் சொல்ல?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் கனவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்; அத்தனை பெரிய வீட்டுக்காரனை வேகவைக்கிற கனவு! அவள் தலையணையைத் தட்டிப் போட்டேன்.

"மறுபடி படுத்துக்கடி. போனா அவன்கிட்டச் சொல்லு, இங்குட்டு நான் ரொம்பச் சௌக்கியமா இருக்கேன்னு."