தென்னூர் வீரம்மாளின் அபிப்பிராயம்

சினிமாக் கொட்டகையில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. அது பாதி வேலைதான். மேட்னி விட்டதும் வெளியே வரும் பெண்கள் படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டு, மேனேஜர் நல்லுசாமியிடம் ஒப்பிப்பது மீதிப் பாதி. ஐம்பத்தெட்டாம் வருஷத்தில் திருச்சியில் ஒரு படம் இரண்டாவது வாரம் ஓடுமா, பெட்டிக்குள் போகுமா என்பதைப் பெண்கள்தான் முடிவு செய்தார்கள். அவர்கள் வாயைத் திறந்தால்தானே?

படம் விட்டு வரும் எந்தப் பெண்ணும் படத்தைப் பற்றிப் பேசமாட்டாள். ஒருத்தி பிள்ளையைத் தேடுவாள், ஒருத்தி செருப்பைத் தேடுவாள். ஸ்ரீரங்கத்து மாமிகள், "பஸ் போயிடப் போறது, சீக்கிரம் வாங்கோடி" என்று என்னை இடித்துக்கொண்டு ஓடுவார்கள். இதைப் போய்ச் சொன்னால், "உனக்குக் காது எதுக்கு இருக்கு லூர்துராணி?" என்று நல்லுசாமி கத்துவார். என்னைப் பார்த்து யாராவது கத்தினால் எனக்குப் பிடிக்காது. அதனால் நானே ஒருத்தியை உண்டாக்கினேன்.

வீரம்மாள் என்று பெயர் வைத்தேன். ஊர் தென்னூர். வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளைத்தாய்ச்சி சொன்னால் ஒரு மதிப்பு இருக்குமல்லவா? அப்போது ஒரு சிரிப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அதில் சிரிப்பே வரவில்லை, அது வேறு விஷயம். "வீரம்மாள் சிரிச்ச சிரிப்புல தூண்ல கை இடிச்சு வளையல் ரெண்டு உடைஞ்சு போச்சுங்க" என்று ஒரு செவ்வாய்க்கிழமை அளந்துவிட்டேன். நல்லுசாமி அதை அப்படியே தேதி போட்டு நோட்டீஸ் அடித்து, ஜட்காவில் ஏற்றி ஊர் முழுக்க வீசினார். படம் நாலு வாரம் ஓடியது.

அடுத்து வந்தது பேய்ப் படம். வெள்ளிக்கிழமை முதல் மேட்னிக்குக் கதவைத் திறந்ததும் ஒருத்தி வந்து நின்றாள். டிக்கெட்டை நீட்டவில்லை. வயிறு நன்றாகத் தெரிந்தது. வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள்.

"பொம்பளைங்க கேட்ல இருக்கறது நீங்கதானேக்கா? நான் தென்னூர் வீரம்மாள்" என்றாள்.

யாரோ ஆளை ஏவிவிட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்து முறைத்தேன். அவளிடம் கோபம் இல்லை.

"நான் படமே பார்க்கலைக்கா. அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்ல அடுப்பு ஊதிக்கிட்டிருந்தேன். திடீர்னு சிரிப்பு வந்துச்சு. நிறுத்தணும்னு பார்க்கறேன், முடியலை. தூண்ல கை போய் இடிச்சு வளையல் ரெண்டு உடைஞ்சுது. அப்புறம் ஒருநாள் எங்க வீட்டுக்காரர் வேர்க்கடலை வாங்கிட்டு வந்தாரு. அதைக் கட்டின காகிதத்துல எல்லாம் போட்டிருந்துச்சு. என் பேரு, ஊரு, கிழமை, வளையல் ரெண்டு."

வீட்டுக்காரர் பெயர் பிச்சைமுத்து, உறையூரில் சுருட்டுச் சுற்றுகிறார் என்றாள். வீடு முனியப்பன் கோயிலுக்குப் பின்னால், முருங்கை மரம் நிற்கும் வீடு என்றாள். நான் எதையும் கேட்கவில்லை. தான் இருப்பதற்குத் தானே சாட்சி சொல்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பிள்ளை வயித்துல தங்கலைக்கா. இந்தப் பேய்ப் படத்துக்கு என்னைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ வீட்டுக்குப் போ" என்றேன். அவள் என் கையை ஒரு தரம் பிடித்து விட்டுவிட்டுப் போனாள். அவள் கை சூடாகத்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாக உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டேன். "இந்தப் பேயை விட எங்க நாத்தனார் முழிச்சா இன்னும் பயமா இருக்கும்" என்று ஒருத்தி சொல்ல, கூட வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். நல்லுசாமிக்கு அது வேண்டியதில்லை. பென்சிலோடு காத்திருந்தார்.

"வீரம்மாள் என்ன சொன்னா?"

"இன்னிக்கு வரலைங்க."

"வராட்டி என்ன, வந்தான்னு போட்டுக்கறேன். பேயைப் பார்த்தா. மயங்கி விழுந்தா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். 'வயிற்றுப் பிள்ளை' என்ற எழுத்துக்கள் காகிதத்தில் விழுவதை எதிரில் நின்று தலைகீழாகப் படித்தேன். அதற்கு மேல் எழுத விட்டால் நான் மனுஷியே இல்லை. பென்சிலைப் பிடுங்கினேன்.

சனிக்கிழமைதோறும் மேலப்புதூர் மாதா கோயிலில் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். பொய்யைப் பொய் என்று வாய்விட்டு ஒப்புக்கொண்டால் அது அழிந்துபோகும் என்றுதான் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அதையே இங்கேயும் செய்தேன்.

"வீரம்மாள்னு ஒருத்தி கிடையாதுங்க. அன்னிக்கும் கிடையாது, இன்னிக்கும் கிடையாது. நானா இட்டுக்கட்டினது. மாதா மேல சத்தியம்."

நல்லுசாமி காகிதத்தைக் கிழித்துப் போட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். போகிறது, ஒரு பிள்ளை பிழைத்ததே என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை அவளிடம் சொல்ல அப்படியே தென்னூருக்கு நடந்தேன்.

முனியப்பன் கோயில் இருந்தது. பின்னால் முருங்கை மரமும் இருந்தது. கதவு திறந்துகிடக்க, ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து உலை வைத்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் புகையிலைக் கறை.

"பிச்சைமுத்துதானே? வீரம்மாள் இல்லையா?"

"எந்த வீரம்மாளுங்க?"

"உங்க சம்சாரம்."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க" என்றான்.

பக்கத்து வீட்டில் இருந்த இருசம்மாள் என்பவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவன் ஒண்டிக்கட்டையாச்சே. இந்தத் தெருவுல வீரம்மாள்னு யாரும் இருந்ததே இல்லை" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பிள்ளையைக் காப்பாற்றப் போய்த் தாயையும் சேர்த்து அழித்திருக்கிறேன். வீரம்மாள் இருக்கிறாள், இருக்கிறாள் என்று அந்த வாசலில் நின்றே நாலைந்து தரம் சொன்னேன். மாதாவைக் கூப்பிட்டும் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிச்சைமுத்து பானைக்குள் எட்டிப் பார்த்தான். "உட்காருங்கக்கா. இன்னிக்கு ஏன்னு தெரியலை, ரெண்டு பேருக்கு அரிசி போட்டுட்டேன். சாப்பிட்டுட்டுப் போங்க" என்றான்.

உட்கார்ந்து அவள் பங்குச் சோற்றைத் தின்றேன்.